பழைய செல்ஃப் மோட்டார் திரும்பி வரும் வழி: மறுஉற்பத்திக்கான ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ் வலையமைப்பை வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதலில் போட்ட திட்டம் ஒரு மேப்பில் தொடங்கியது. தமிழ்நாட்டு வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, பதினொரு ஊர்களில் சிவப்புப் பின் குத்தி, இங்கெல்லாம் பழைய செல்ஃப் மோட்டாரை, அதாவது வண்டி என்ஜினைக் கிளப்பும் மோட்டாரைச் சேகரித்து, புதுசுபோலச் செய்து விற்கிறோம் என்று முடிவு செய்தோம். பார்க்க அழகாக இருந்தது. நான்கே மாதத்தில் குடோன் நிறைந்துவிட்டது. பெட்டிகளைப் பிரித்தால் மூன்றில் ஒன்றில் சோலனாய்டே (மோட்டார் மேல் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) இல்லை. சிலவற்றில் மோட்டாரை என்ஜினில் பொருத்தும் காது உடைந்திருந்தது. சிலவற்றுக்குள் தண்ணீர் புகுந்து துரு ஏறியிருந்தது. எல்லாவற்றுக்கும் முழு விலை கொடுத்திருந்தோம், லாரி வாடகையும் சேர்த்து.

மேப் தப்பில்லை. அதை முதலில் வரைந்ததுதான் தப்பு. பழைய பொருளை வாடிக்கையாளரிடமிருந்து ஆலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஏற்பாட்டுக்குத்தான் ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ் என்று பெயர். அதைத் திட்டமிடும் இந்த வழிகாட்டியில் மேப் ஆறாவது படியில்தான் வரும்.

உதாரணத்துக்கு ஒரே பொருளை எடுத்துக்கொள்கிறேன்: சிறிய சரக்கு வண்டிகளின் ஸ்டார்ட்டர் மோட்டார், பட்டறை மொழியில் செல்ஃப் மோட்டார். நாலைந்து கிலோ எடை. டாடா ஏஸ் 2005ல் வந்து "குட்டி யானை" என்று பெயர் வாங்கிய பிறகு இந்த அளவு வண்டி இல்லாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. அதனால் பழைய செல்ஃப் மோட்டாரும் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது. கீழே வரும் ரூபாய்க் கணக்கும் சதவீதங்களும் முறையை விளக்க நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பொருளுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: மறுஉற்பத்தி என்று எதைச் சொல்கிறோம்

ரிப்பேர் என்றால் கெட்டதை மட்டும் சரிசெய்வது. ரீகண்டிஷன் என்றால் துடைத்து, பெயின்ட் அடித்து, தேய்ந்த ஒன்றிரண்டை மாற்றுவது. மறுஉற்பத்தியில் முழுவதும் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு பாகத்தையும் கழுவி அளக்க வேண்டும், தேயும் பாகங்களைப் புதிதாகப் போட வேண்டும், புதுசுக்கு வைக்கும் அதே டெஸ்ட்டை வைக்க வேண்டும். 2009ல் வந்த பிஎஸ் 8887-2 என்ற பிரிட்டிஷ் தரநிலை, புதுசுக்குச் சமமான செயல்திறனும் புதுசுக்குக் குறையாத வாரன்டியும் இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்கிறது. இது புது யோசனையும் இல்லை. பாரிஸுக்குப் பக்கத்தில் ஷுவாஸி-ல-ருவா என்ற இடத்தில் ரெனோ 1949லேயே இதற்கென ஒரு ஆலை தொடங்கியது. கேட்டர்பில்லர் 1973ல் இறங்கியது.

திரும்பி வரும் பழைய பாகத்துக்கு இந்தத் தொழிலில் "கோர்" என்று பெயர். இனி அப்படியே சொல்கிறேன்.

வாரன்டியை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், வலையமைப்பின் கண்டிப்பு முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. வாரன்டி கொடுக்காத ரீகண்டிஷன் கடைக்காரர் எந்தக் கோரையும் வாங்கலாம். நீங்கள் அப்படி வாங்க முடியாது.

படி 2: ஒரு நல்ல கோருக்கு எவ்வளவு தாங்கும்

புது செல்ஃப் மோட்டார் 9,000 ரூபாய் என்று வைப்போம். மறுஉற்பத்தி செய்ததை 6,000க்கு விற்கலாம். அதற்கு மேல் போனால் வாடிக்கையாளர் புதுசையே எடுப்பார். இப்போது விற்கும் விலையிலிருந்து பின்னோக்கிக் கழித்து வாருங்கள்: கார்பன் பிரஷ், புஷ், பெண்டிக்ஸ், சோலனாய்டு போன்ற புதுப் பாகங்கள் 1,400. கூலி, மின்சாரம், டெஸ்ட் 800. வாடகை, மெஷின் 700. வாரன்டிக்கு ஒதுக்குவது 200. கடைக்கு அனுப்பும் செலவும் கடைக்காரர் கமிஷனும் 1,200. மொத்தம் 4,300. மீதி 1,700. அதில் 500 லாபம் வேண்டும் என்றால், ஆலை வாசலில் வந்து நிற்கும் ஒரு நல்ல கோருக்கு 1,200 ரூபாய்தான் செலவழிக்க முடியும். கோரின் விலை, போக்குவரத்து, வழியில் கழிந்துபோன கோர்களின் நஷ்டம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்த 1,200ஐ ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது "திருநெல்வேலியிலும் ஒரு மையம் போடலாமே" என்றால், அந்தத் தாளைக் காட்டினால் போதும்.

கீழ் எல்லையும் ஒன்று உண்டு. அதே கோரைக் காயலான் கடையில் போட்டால் செம்பும் இரும்புமாக 350 ரூபாய் கிடைக்கும் என்று வைப்போம். செம்பு விலை ஏறும்போது இந்த எண்ணும் ஏறும். நீங்கள் தரும் விலை இதற்குப் பக்கத்தில் இருந்தால் உங்களிடம் கோர் வராது.

படி 3: எத்தனை திரும்பும்

கணக்கு எளிது: விற்றது, அதில் திரும்பியது, திரும்பியதில் தேறியது. மாநிலம் முழுவதும் மாதம் 1,000 விற்று, 85 சதவீதம், அதாவது 850 திரும்பி, அதில் 70 சதவீதம் தேறினால் 595. அடுத்த மாதமும் 1,000 விற்க வேண்டும் என்றால் 405 குறைகிறது. ஒன்றுக்கு ஒன்று மாற்றுவதால் சுழற்சி தானாக ஓடும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் கசிகிறது.

அந்த 405க்கு மூன்று வழி. வண்டி உடைக்கும் இடங்களில் வாங்கலாம். சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது, 2021ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன ஸ்கிராப்பிங் மையங்களும் இருக்கின்றன. கழிந்த கோர்களிலிருந்து தனித்தனிப் பாகங்களைக் காப்பாற்றலாம், அதைப் பின்னால் பார்ப்போம். அல்லது குறைவதைப் புது மோட்டாராலேயே நிரப்பலாம். தொடக்கத்தில் மூன்றாவது வழி கட்டாயம். முதல் நாள் உங்கள் கையில் ஒரு கோர்கூட இருக்காது. ஆனால் கடைக்காரர் அலமாரியில் பெட்டி இருக்க வேண்டும். அந்த விதைச் சரக்குக்கான பணத்தைப் பட்ஜெட்டில் போடாமல் தொடங்கி, மூன்றாம் மாதம் மூச்சுத் திணறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேரத்தையும் கவனியுங்கள். சரக்கு வண்டிகள் எஃப்.சி.க்கு நிற்கும்போது தள்ளிப்போட்ட வேலையெல்லாம் சேர்த்து நடக்கும், கோர்கள் கும்பலாக வரும். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு இன்னொரு அலை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி வரும் மோட்டார் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே போயிருக்கும். மழைக்குப் பிந்தைய மாதங்களுக்குத் தேறும் விகிதத்தைக் குறைத்துப் போடுங்கள்.

மாடலும் முக்கியம். 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகைக்கான பி.எஸ். 6 விதி வந்தது. இன்று திரும்பும் கோர்களில் அதற்கு முந்தைய வண்டிகளுடையவை நிறைய இருக்கும். நாளை தேவைப்படும் மாடலோ வேறாக இருக்கலாம். மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தும் விற்க முடியாத மாடல் குவிந்து கிடப்பது இந்தத் தொழிலின் வாடிக்கையான நோய். எனவே மேலே சொன்ன கணக்கை மாடல்வாரியாகப் போடுங்கள்.

படி 4: கோரை உங்களிடம் கொண்டுவர வைப்பது

வலையமைப்பின் உயிர் இங்கே இருக்கிறது. லாரி, குடோன், சாஃப்ட்வேர் எல்லாம் இதற்கு அப்புறம்.

பழைய செல்ஃப் மோட்டார் உண்மையில் யார் கையில் இருக்கிறது? வண்டி ஓனர் கையில் இல்லை. அவர் சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். கழற்றியது மெக்கானிக் அல்லது ஆட்டோ எலக்ட்ரீஷியன், பழசு அவர் பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறது. அவருக்கு மூன்று வழி இருக்கிறது. தானே வைண்டிங் கட்டி, பிரஷ் மாற்றி, வேறொரு வண்டிக்குப் போடலாம். சோலனாய்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் காயலான் கடைக்குத் தள்ளலாம். அல்லது உங்களுக்குத் திருப்பித் தரலாம். முதல் இரண்டிலும் அன்றைக்கே காசு. உங்கள் வழியில் என்றைக்குக் காசு?

அதனால் முன்பணம் வைக்கும் முறை: பில் 6,000. முழுமையான கோரைத் திருப்பினால் 1,000 திரும்பக் கிடைக்கும், குறையுள்ளதற்கு 500, கழிந்ததற்கு ஒன்றுமில்லை. பத்தில் ஆறு முழுத் தரம், நாலு குறைத் தரம் என்றால் சராசரி 800. இந்தத் தொகை வைண்டிங் கடைக்காரர் தருவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் எங்கோ வாங்கிய ஓட்டை மோட்டாரைக் கொண்டுவந்து தள்ளும் அளவுக்கு ஆசை காட்டவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் தொகையை நிறுத்த இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். ஏற்றுவது சுலபம், இறக்கினால் சண்டை வரும். ஆகவே குறைவாகத் தொடங்குங்கள்.

தொகையைவிட வேகம் முக்கியம் என்பது என் அனுபவம். 1,000 ரூபாயை நாற்பது நாள் கழித்துக் கிரெடிட் நோட்டாகத் தருவதைவிட, 700ஐ அன்றைக்கே யு.பி.ஐ.யில் போட்டால் அதிகக் கோர் வரும். மெக்கானிக்குகளில் பலருக்குக் கிரெடிட் நோட்டை வைத்து என்ன செய்வதென்றே தெரியாது. அது கடைக்காரரின் கணக்கில் போய்க் கலந்துவிடும், அதோடு சரி.

திருப்பித்தரக் கெடு வையுங்கள், 45 நாள் போதும். கெடு இல்லாவிட்டால் முன்பணம் உங்கள் புத்தகத்தில் கடனாகவே தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது வரி. பலரும் தடுக்கி விழும் இடம் இது. பழசை வாங்கிக்கொண்டு 5,000க்கு விற்றோம், அதனால் 5,000க்குத்தான் ஜி.எஸ்.டி. என்று நினைக்கக் கூடாது. மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 27ஆம் விதி இதற்கு ஒரு செல்போன் உதாரணமே தருகிறது: பழைய போனை வாங்கிக்கொண்டு புது போனை 20,000க்குக் கொடுத்தாலும், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதன் விலை 24,000 என்றால் வரிக்கான மதிப்பு 24,000தான். நம் விஷயத்தில் 6,000க்கு முழு பில் போட்டு, கோரைத் தனியாக வாங்கியதாகக் காட்டுவது சுத்தம். கோரை வாங்கும் சீட்டில் "பழைய ஸ்டார்ட்டர் மோட்டார்" என்று எழுதச் சொல்லுங்கள். சோம்பேறித்தனமாக "இரும்பு ஸ்கிராப்" என்று எழுதினால் வேறு தலைவலி: 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரிடமிருந்து உலோக ஸ்கிராப் வாங்கினால் பதிவு பெற்ற நீங்களே வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் தாண்டினால் 50,000க்கு மேலும் போகும் சரக்குக்கு இ-வே பில் வேண்டும். தனித்தனிக் கோருக்கு இது தேவைப்படாது, சேர்த்து அனுப்பும்போது தேவைப்படும். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே ஆடிட்டரோடு உட்கார்ந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் சோதனைக்காக லாரி நிற்கும்போது அவருக்குப் போன் போடுவதில் பயனில்லை.

படி 5: தரம் பார்ப்பது எங்கே

இரண்டு விதமாகக் கணக்குப் போடுவோம். கோர் சராசரி விலை 800, ஆலைக்குக் கொண்டுவர 150, கழிந்தது ஸ்கிராப்பில் 350.

முதல் முறை: வந்ததையெல்லாம் வாங்கி, ஆலையில் தரம் பார்ப்பது. 100 கோருக்கு 95,000 செலவு. 30 கழிகிறது, அதை விற்றால் 10,500 வரும். மீதி 84,500ஐ 70 நல்ல கோர்களுக்குப் பிரித்தால் ஒன்று 1,207. நம் எல்லை 1,200. ஆக, லாபத்தைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறோம்.

இரண்டாவது முறை: கடை கவுன்ட்டரிலேயே கண்ணால் பார்த்து, கழிய வேண்டிய 30ல் 20ஐ அங்கேயே திருப்பிவிடுவது. 80 கோருக்கு 76,000. ஆலையில் 10 கழிந்து 3,500 தரும். 72,500ஐ 70க்குப் பிரித்தால் 1,036. ஒரு கோருக்கு 171 ரூபாய் மிச்சம், லாரியைத் தொடாமலே.

செல்ஃப் மோட்டாருக்கு இது ஏன் நடக்கிறது என்றால், அதன் பெரிய குறைகளில் பல கண்ணுக்குத் தெரிபவை. காது உடைந்திருக்கிறதா? சோலனாய்டு இருக்கிறதா? திருகுகளை யாராவது ஏற்கெனவே கழற்றியிருக்கிறார்களா? கருகிய வாடை வருகிறதா? பினியன் என்ற சிறு பல்சக்கரத்தின் பக்கம் துரு ஏறியிருக்கிறதா? இரண்டு நிமிடம் போதும். நாங்கள் கடைசியில் ஒரே ஒரு அட்டை அடித்தோம்: மேலே எடுத்துக்கொள்ளும் மோட்டாரின் போட்டோ, கீழே திருப்பிவிட வேண்டிய நான்கின் போட்டோ, சிவப்புப் பெருக்கல் குறியோடு. இருபது பக்கக் கையேட்டைத் தொடாத கடைப் பையன்கள் அந்த அட்டையைப் பார்த்தார்கள்.

பொருள் மாறினால் பதிலும் மாறும். டர்போசார்ஜரின் உள்ளே தேய்மானம் எவ்வளவு என்பது பிரித்து அளந்தால்தான் தெரியும். என்ஜின் கன்ட்ரோல் யூனிட்டைக் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் பெஞ்ச் வைக்க முடியாது என்பதால் அவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி: பொருளின் மதிப்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது? கம்ப்யூட்டர் போன்றவை வாரத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேலும் மதிப்பு இழக்கலாம். கடைக்குத் திரும்பி வந்த லேப்டாப் ஐந்து வாரம் குடோனில் தூங்கினால் லாபம் போயேவிட்டது. அங்கே ஊருக்கு ஊர் சோதனை, வேகமான கூரியர் எல்லாம் நியாயம். செல்ஃப் மோட்டார் ஒரு மாதம் காத்திருந்தாலும் அதன் மதிப்பு பெரிதாக மாறாது. எனவே மெதுவான, மலிவான போக்குவரத்து போதும். இரண்டையும் ஒரே வலையமைப்பில் கட்டுவது கரும்பு லாரியில் பால் ஏற்றுகிற கதை.

கவுன்ட்டரில் தவறு இரண்டு பக்கமும் நடக்கும். கெட்டதை எடுத்தால் உங்களுக்கு நஷ்டம், அது ஆலையில் தெரிந்துவிடும். நல்லதைத் திருப்பினால் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது, மெக்கானிக் கோபித்துக்கொண்டு வைண்டிங் கடைக்குப் போய்விடுவார். அதனால் சந்தேகம் வந்தால் எடுத்துக்கொள் என்றே சொல்லிவையுங்கள்.

படி 6: இப்போது மேப்பை எடுங்கள்

முதல் விதி: புதுச் சரக்கு கொண்டுபோகும் வண்டி திரும்பும்போது காலியாகத்தான் வருகிறது. அதில் கோர் வரட்டும். ஆலையையும் விநியோகக் குடோனையும் அடுத்தடுத்து வைத்தால் போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒன்றாகிவிடும். மறுஉற்பத்தி ஆலைக்கு இடம் தேடும்போது நான் முதலில் கேட்பது நில விலையை அல்ல, நம் பார்சல் லாரிகள் எங்கே இரவு தங்குகின்றன என்பதை.

ஆலை கோயம்புத்தூரில் என்று வைத்துக்கொள்வோம். பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊர், வைண்டிங், லேத் வேலைக்கு ஆள் கிடைக்கும். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துக் கோர்களுக்குச் சேலத்தில் ஒரு சேகரிப்பு மையம் வேண்டுமா? கடைகளிலிருந்து நேராகப் பார்சலில் அனுப்பினால் கோருக்கு 120 ரூபாய். சேலத்துக்குக் கொண்டுவர 40, அங்கிருந்து சுமார் 165 கிலோமீட்டரை முழு லோடாக அனுப்பினால் 30, மொத்தம் 70. மிச்சம் 50. மையத்துக்கு வாடகையும் ஒரு ஆள் சம்பளமுமாக மாதம் 35,000. வகுத்தால் 700. மாதம் 700 கோருக்குக் கீழே என்றால் மையம் நஷ்டம்.

மாநிலம் முழுவதும் 850 கோர்தான் வருகிறது என்று மூன்றாம் படியில் பார்த்தோம். ஆக, சேலத்தில் தனி மையம் இப்போதைக்கு இல்லை. அதற்குப் பதிலாக அங்கே இருக்கும் விநியோகஸ்தரின் குடோனில் ஒரு மூலையை எடுத்து, கோருக்கு 15 ரூபாய் கையாளும் கூலி கொடுங்கள். மாதம் நூறு வந்தாலும் ஆயிரம் வந்தாலும் செலவு அதற்கேற்ப ஏறி இறங்கும். நான் அன்றைக்குக் குத்திய பதினொரு பின்களில் ஒன்றுகூட இந்த வகுத்தலைத் தாண்டியிருக்காது.

படி 7: கம்ப்யூட்டரிடம் கேட்பது

ஊர்கள் அதிகமானால் கைக்கணக்கு போதாது. எந்த மையத்தைத் திறப்பது என்று கம்ப்யூட்டர் சொல்ல ஒரு கணித மாதிரி வேண்டும். அதை எழுதுவது பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. ஒவ்வொரு மையத்துக்கும் திறப்பதா வேண்டாமா என்ற 0 அல்லது 1. ஒவ்வொரு பாதையிலும் எத்தனை கோர் என்ற எண். குறைக்க வேண்டியது மையச் செலவு, போக்குவரத்து, கோர் விலை மூன்றின் கூட்டு. நிபந்தனைகள்: திறக்காத மையம் வழியாக எதுவும் போகக் கூடாது, மையத்தின் கொள்ளளவைத் தாண்டக் கூடாது, ஆலையிலிருந்து வெளியே போவது உள்ளே வந்ததைத் தேறும் விகிதத்தால் பெருக்கியதைவிட அதிகமாகக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் சாதாரண விநியோக மாதிரியிலிருந்து இதைப் பிரிக்கிறது. அதை விட்டுவிட்டுப் போட்ட மாதிரிகளையும் பார்த்திருக்கிறேன், வந்த கோரெல்லாம் பொன்னாகும் என்று சொல்லும்.

எக்ஸெலில் இருக்கும் சால்வர் 200 மாறிகள் வரை தாங்கும். முப்பது கடை, ஐந்து மையம், ஒரு ஆலைக்கு அது போதும். அதற்கு மேல் என்றால் பைத்தான் நிரல் மொழியில் பல்ப் (PuLP) என்ற மென்பொருள் இலவசம்.

விடை வந்ததும் நம்பிவிடாதீர்கள். திரும்பும் விகிதம் 60, 85, 95 சதவீதம் என்று மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றிலும் திறக்கச் சொல்லும் மையத்தைத் திறக்கலாம். ஒன்றில் மட்டும் வருவதை வாடகை மூலையாக வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

படி 8: ஆலை வாசலுக்கு உள்ளே

கோர் வந்தவுடன் பிரித்துப்போடாதீர்கள். முழுசாக இருக்கும் கோர் ஒரு மாடலின் கோர். பிரித்துவிட்டால் அது பத்துத் தொட்டிகளில் கிடக்கும் பத்துப் பாகம், ஒன்று காணாமல் போனாலும் மற்றவை காத்திருக்கும். ஆர்டர் வந்த மாடலை மட்டும் பிரியுங்கள். அதுவரை கூரைக்கு அடியில், தரையிலிருந்து உயர்த்திய ரேக்கில் வையுங்கள். மண் தரையில் போட்ட கோர் ஒரு மழைக்காலத்தில் ஸ்கிராப் ஆகிவிடும்.

அடுத்து, பாகங்களின் கணக்கு சமமாக வராது. உள்ளே வந்த 80 கோர்களில் 78 ஹவுசிங் (வெளிக்கூடு) தேறும், ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் சுருள்) 70தான் தேறும். நம் 70 என்ற எண்ணிக்கையை நிர்ணயிப்பது ஆர்மேச்சர். புது ஆர்மேச்சர் எட்டு வாங்கினால் 78 மோட்டார் கிடைக்கும். வாங்கலாமா? ஒரு புது ஆர்மேச்சர் 1,100, ஒரு நல்ல கோர் 1,036. கோர் தாராளமாகக் கிடைக்கும் மாதத்தில் வேண்டாம். 405 குறைகிறது என்று தவிக்கும் மாதத்தில் தயங்காமல் வாங்குங்கள். இதையே திருப்பிப் போட்டால், காது உடைந்து ஆர்மேச்சர் மட்டும் நன்றாக இருக்கும் கோரையும் 500க்கு எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. குறைத் தரம் என்று தனியாக ஒரு விலை வைத்தது இதற்காகத்தான்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கழுவுதல், க்ரௌலர் என்ற சோதனைக் கருவியில் ஆர்மேச்சர் ஷார்ட் பார்த்தல், லேத்தில் கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்புப் பகுதி) மெலிதாகச் சீவுதல், கோர்ப்பது, பெஞ்சில் லோடு இல்லாமலும் லோடு கொடுத்தும் கரன்ட் பார்ப்பது. இதில் நெரிசல் வருவது பெரும்பாலும் கழுவும் இடத்தில். எண்ணெய் கலந்த கழிவுநீரைச் சாக்கடையில் விட முடியாது, சுத்திகரிப்புத் தொட்டி வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று காலண்டரில் இடம் விடுங்கள்.

முடிந்த மோட்டாரின் உடலிலேயே மறுஉற்பத்தி என்ற முத்திரையும் வரிசை எண்ணும் பொறியுங்கள். பெட்டியில் மட்டும் எழுதினால் பெட்டியை மாற்றிப் புதுசு என்று விற்றுவிடுவார்கள். பழி உங்கள் மேல் வரும்.

படி 9: மூன்று மாத வெள்ளோட்டம்

ஒரே பொருள், ஒரே வட்டாரம், இருபது கடை. ஒவ்வொரு கோருக்கும் கவுன்ட்டரிலேயே ஒரு டேக் கட்டுங்கள்: தேதி, கடை, மாடல், கடைக்காரர் சொன்ன தரம். ஆலையில் அதே டேக்கில் உண்மையான தரத்தை எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைவாரியாக எடுங்கள். ஒரு கடை தொடர்ந்து தாராளமாக இருந்தால் போய் அட்டையை மறுபடி விளக்குங்கள். இரண்டாவது முறையும் அப்படியே என்றால் அந்தக் கடையின் தொகையை ஆலைத் தரத்துக்கு ஏற்ப மாற்றுவோம் என்று சொல்லிவிடுங்கள்.

திருட்டுத்தனங்களுக்கும் தயாராக இருங்கள். கழித்துப் போட்ட கோர் பின்பக்கமாக வெளியே போய் முன்பக்கமாகத் திரும்பி வரும். எங்களுக்கு ஒரே மோட்டார் மூன்று முறை வந்தது. வெல்டிங் தழும்பை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். கழிந்ததன் காதில் டிரில்லால் ஒரு ஓட்டை போட்டுவிட்டு ஸ்கிராப்புக்கு அனுப்புவது அன்றிலிருந்து வழக்கமானது.

மூன்று மாத முடிவில் நான்கு எண்கள் போதும்: திரும்பிய விகிதம், தேறிய விகிதம், ஆலை வாசலில் ஒரு நல்ல கோரின் அடக்க விலை, மெக்கானிக் கைக்குப் பணம் போக ஆன நாள். அடக்க விலை 1,200க்குள் இருந்து திரும்பும் விகிதம் குறைவாக இருந்தால் தொகையைக் கொஞ்சம் ஏற்ற இடமிருக்கிறது. திரும்புவது நன்றாக இருந்து அடக்க விலை தாண்டினால் கவுன்ட்டரில் கண் சரியாக வேலை செய்யவில்லை. இரண்டும் மோசம் என்றால் பெரும்பாலும் நான்காவது எண்ணில் காரணம் கிடைக்கும், பணம் தாமதமாகப் போயிருக்கும்.

ஒரு மாடல் ஓய்வு பெறும் காலமும் வரும். வண்டிகள் குறையும், விற்பனை இறங்கும், ஆனால் கோர் மட்டும் பழைய வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். திடீரென்று வாங்க மாட்டேன் என்றால் மெக்கானிக் அடுத்த மாடலையும் தர மாட்டார். ஆறு மாதம் முன்பே அட்டையில் தேதி போட்டு அறிவித்து, 1,000ஐ 700 ஆக்கி, பிறகு 400 ஆக்குங்கள். 350ஐத் தொடும்போது காயலான் கடைக்காரர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.